குடையில் இல்லாத தவளை

ஜனவரி 8

அண்ணா,

இங்கே நான் சௌக்கியம், அம்மா சௌக்கியம், பூதம் பரம சௌக்கியம்; நேற்று மட்டும் மூன்று முறை உறுமியது. அங்கே நீயும் உன் பொம்மைகளும் நூல் சிக்காமல் நலமா?

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. ஒரு வரி இல்லை. பொம்மையை ஆட்டுகிற கைக்குப் பேனாவை ஆட்ட நேரமில்லை போலிருக்கிறது. போகட்டும், நீ எனக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போன முகவரிக்கு நானே எழுதுகிறேன்.

வழக்கின் சுருக்கம்: நீ கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பொம்மலாட்டக் குழுவில் சேர்ந்தாய். அப்பா, "கதை விடறவனுக்கு இந்த வீட்ல இடம் இல்ல" என்றார். நீ, "நீங்களா எழுதிக் கூப்பிட்டாத்தான் இனி இந்தப் படி ஏறுவேன்" என்றாய். அப்பா, "அவனா எழுதினா யோசிக்கலாம்" என்றார். ஆக, அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவர் வீட்டில் இரண்டு பேர் தபாலுக்குக் காத்திருக்கிறார்கள், ஒருவரும் எழுதவில்லை. அம்மாவின் தீர்ப்பு: "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதுல ஒரே கோபம்."

மே 28ஆம் தேதி உன் குழு கப்பலேறும், திரும்ப இரண்டு வருஷம் ஆகும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அதற்குள் அப்பா கைப்பட உனக்கு ஒரு கடிதம் வர வேண்டும். வரவைக்கிறேன்.

ஊருக்கு அப்பா, அஞ்சலகத்தில் "திரும்பிய கடிதப் பிரிவு" மூத்த எழுத்தர். யாருக்கும் போய்ச் சேராத கடிதமெல்லாம் அவர் மேஜைக்கு வரும். "சிவப்புக் கதவு வீட்டு அத்தைக்கு" என்று மட்டும் எழுதியிருந்தாலும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்த அத்தையைக் கண்டுபிடித்துவிடுவார். நமக்கு அவர் வெறும் பூதம். பெயர் வைத்தவன் நீ. காப்பாற்றி வருகிறவள் நான்.

பூதத்தை ஏமாற்ற உன்னை விட்டால் ஆளில்லை. உன் குழு ஆடுவதே ஏமாந்த பூதங்களின் கதைகள்தானே. எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் பூதத்துக்கு உடம்பு பெரிது, மூளை சின்னது. மாதம் ஒரு கதை அனுப்பு. வீட்டில் பரிசோதித்துப் பார்க்கிறேன்.

பதிலைக் கீழ்த்தளத்துத் தையல்காரர் கடை முகவரிக்குப் போடு. வாயைத் தைத்துக்கொள்வதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். உறையின் பின்பக்கம் நம் வீட்டு முகவரியை எழுதவில்லை. தப்பித்தவறித் திரும்பி வந்து பூதத்தின் கையில் சிக்கினால் என்ன ஆவது? முகவரியே இல்லாவிட்டால் எங்கே திரும்பும்? என் மூளையை மெச்சிக்கொள்.

கை வலிக்காமல் எழுது.

உன் ஒரே தங்கை


ஜனவரி 27
(தட்டச்சில்)

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நலம். அவ்விடத்தில் அனைவரும் நலமாயிருக்க வேண்டும். 8ஆம் தேதியிட்ட உன் கடிதம் கிடைக்கப்பெற்றேன். விரலில் பொம்மை நூல் அறுத்த காயம் இருப்பதால் தட்டச்சில் எழுதுகிறேன். குழு இடம் மாறிக்கொண்டே இருக்கும். இருந்தாலும் பழைய முகவரிக்கே எழுதவும். எப்படியும் வந்து சேரும்.

நீ கேட்ட கதை. பனி பெய்யும் நாடுகளில் இது பல விதமாக வழங்குகிறது. ஓர் உழவனும் ஒரு பூதமும் கூட்டு விவசாயம் செய்தார்கள். "மேல்பாதி வேணுமா, கீழ்ப்பாதி வேணுமா?" என்று உழவன் கேட்டான். பூதம் மேல்பாதி என்றது. உழவன் கிழங்கு போட்டான். பூதத்துக்கு இலை கிடைத்தது. அடுத்த வருடம் பூதம் கீழ்ப்பாதி என்றது. உழவன் கோதுமை போட்டான். பூதத்துக்கு வேர் கிடைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருடமும் நிலத்தை உழுதது பூதம்தான் என்பதையும் கவனிக்கவும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கணக்குப் பாடத்தில் கவனம் தேவை.

அண்ணன்

பி.கு.: தகப்பனாரைப் பூதம் என்று குறிப்பிடுவதைத் தவிர்க்கலாம்.


பிப்ரவரி 3

அண்ணா,

நலம். உன் காயம் ஆறிவிட்டதா? மூளையில் பட்ட காயத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். "கிடைக்கப்பெற்றேன்", "கவனிக்கவும்"... பொம்மலாட்டக் குழுவில் சேர்ந்தாயா, பத்திரப்பதிவு ஆபீசில் சேர்ந்தாயா? அப்புறம் அது என்ன "அன்புள்ள தங்கைக்கு"? நீ எனக்கு வைத்த பெயர் என்ன ஆயிற்று? அடுத்த கடிதத்தில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் உன்னோடு டூ.

கதை பழசு, ஆனால் நன்றாக இருந்தது. கடைசி வரிதான் புரியவில்லை. உழுதது யார் என்று எந்தக் கதையில் யார் கேட்டார்கள்?

பெரிய ஏமாற்றுக்கு முன்னால் சின்னதாக இரண்டு ஒத்திகை பார்க்கப்போகிறேன். முதல் ஒத்திகை, நீ முன்பு சொன்ன மரக்கட்டைக் கதை. பூதம் தடியால் அடிக்க வரும். ஆள் படுக்கையில் ஒரு மரக்கட்டையைப் போர்த்தி வைத்துவிட்டு ஒளிந்துகொள்வான். பூதம் கட்டையை விளாசும். காலையில் அவன் எழுந்து வந்து, "ஏதோ கொசு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்பான். நம் பூதம் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஆறு மணிக்குப் போர்வையை இழுக்கிறதே, அதற்குப் பாடம். வருகிற 25ஆம் தேதி ஞாயிறு. என் கட்டிலில் தலையணைகள் படுத்திருக்கும். நான் துணி அலமாரிக்குப் பின்னால் பாய் விரித்துக் குறட்டை விடுவேன்.

அம்மா உன்னை ஒன்றும் விசாரிக்கவில்லை. நீ விட்டுப்போன சட்டையைத்தான் மூன்றாவது தடவையாகத் தோய்த்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கை (பெயர் நிலுவையில்)


பிப்ரவரி 20
(தட்டச்சில்)

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலமும், அம்மாவின் முழங்கால் வலிக்குப் புதுத் தைலம் பயன்படுகிறதா என்பதும் அறிய விருப்பம்.

செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடும் வயதை நீ தாண்டிவிட்டாய் என்று கருதியே எழுதவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

இந்த மாதக் கதை மலைநாட்டு ஊர்களில் வழங்குவது. அங்கே வாசலில் ஒரு சல்லடையைத் தொங்கவிடுவார்கள். வீட்டுக்குள் நுழைய வரும் பூதம் சல்லடையில் எத்தனை துளை என்று எண்ணாமல் தாண்டாது. எண்ணும், பாதியில் தப்பும், மறுபடி முதலிலிருந்து எண்ணும். அதற்குள் பொழுது விடிந்து, வந்த வழியே போய்விடும். இது முட்டாள்தனம் என்று கதை சொல்கிறது. எடுத்த வேலையை அரைகுறையாக விடாத குணம் என்றும் சொல்லலாம்.

தலையணை விஷயம் குறித்துக் கொள்ளப்பட்டது. அலமாரிக்குப் பின்னால் தரை ஈரமாக இருக்கும். கனமான பாயாக விரித்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

நலம்தானே? நான் நலத்துக்கும் மேலே. முதல் ஒத்திகை அமோகம்.

ஆறு மணி. அப்பா வந்தார். போர்வையை இழுக்கவில்லை. தலையணையிடம் குனிந்து, "ஏம்மா, எழுந்திருக்கலியா?" என்றார். தலையணை பேசவில்லை. "சரி, தூங்கட்டும்" என்று அதற்கே போர்த்திவிட்டுப் போய்விட்டார். எட்டு மணிக்குத் தலை கலைந்து வந்து, "ஏதோ கொசு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றேன். "ஆமாமா, கொசு ஜாஸ்திதான்" என்று பேப்பரைப் புரட்டினார். பூத வரலாற்றிலேயே இவ்வளவு சுலபமாக ஏமாந்த பூதம் கிடையாது.

ஆனால் செவ்வாய்க்கிழமை திடீரென்று ஒரு யோசனை வந்து, சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவைத்தேன். அப்பா டப்பாவைத் திறந்தார், மோந்தார், என்னைப் பார்த்தார், ஒரு டம்ளர் காபியில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கி என் முன்னால் வைத்தார். "குடி. கொசு கடிச்ச மாதிரி இருக்கும்." ஞாயிறன்று அவ்வளவு மக்கு, செவ்வாயன்று இவ்வளவு சமர்த்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்காத விஷயம் இன்னொன்று. அப்பாவின் சாப்பாட்டுப் பைக்குள் நூலகப் புத்தகம் இருந்தது. பூதம், ராட்சசன், அரக்கி என்று நானூறு பக்கம். கதை என்றாலே காதைப் பொத்துகிறவர். "இது யாருதுப்பா?" என்றேன். "ஆபீஸ்ல யாரோ விட்டுட்டுப் போய்ட்டாங்க. உரியவரைத் தேடணும்" என்றார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது: அம்மாவின் முழங்கால் வலி உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லையே.

சல்லடைக் கதைதான் உபயோகமானது. ஒவ்வொரு பூதத்துக்கும் தாண்ட முடியாத ஒரு சல்லடை உண்டு. நம் பூதத்தின் சல்லடை முகவரி. சாப்பாட்டு மேஜையில் தெருப்பெயர் தப்பாக எழுதிய உறை ஒன்றைப் போட்டுவைத்தேன். தட்டை நகர்த்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் திருத்தி எழுதிவிட்டுத்தான் சாப்பிட்டார். தப்பு முகவரியைப் பார்க்கவும் அவரால் முடியாது, எழுதவும் அவரால் முடியாது. இதை எங்கே பயன்படுத்துவது என்று யோசிக்கிறேன்.

இரண்டாவது ஒத்திகை 24ஆம் தேதி சனிக்கிழமை, சந்தைக்குப் போகும்போது. பெரிய கூடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பிடிக்கமாட்டேன். பூதம் மரத்தைச் சுமக்க, பின்னால் தாங்குவதாகச் சொன்னவன் கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாட்டுப் பாடுவானே, அந்தக் கதை.

தங்கை


மார்ச் 19
(தட்டச்சில்)

அன்புள்ள தங்கைக்கு,

நலம். முழங்கால் வலி பற்றி அம்மா எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். அவளிடம் அது பற்றிக் கேட்க வேண்டாம், வருத்தப்படுவாள்.

மரம் சுமந்த பூதத்தின் கதையை நீயே சொல்லிவிட்டதால் இம்முறை வேறு கதை இல்லை. அதில் ஒரு சந்தேகம் மட்டும். ஒரு முழு ஆள் கிளையில் ஏறி உட்கார்ந்தால் தோளுக்குத் தெரியாதா? பூதத்துக்குக் கண் மந்தமாக இருக்கலாம், மூளை மந்தமாக இருக்கலாம். தோள் பொய் சொல்லாது. தெரிந்தும் ஏன் கடைசி வரை தூக்கிக்கொண்டு போனது? இதுவரை படித்த... அதாவது, ஆடிய கதைகள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. பாடிக்கொண்டு வந்தவனின் பாட்டு அதற்குப் பிடித்திருக்கலாம்.

கூடையில் பூசணிக்காய் வேண்டாம். மற்றபடி உன் இஷ்டம்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. தலை சுற்றுகிறது.

சனிக்கிழமை கூடை முழுக்க ஏற்றினோம். அப்பா முன்னால், நான் பின்னால், விரலால்கூடத் தொடாமல். சந்தையிலிருந்து நம் தெரு முனை வரை அவர்தான் முழுப் பாரமும் சுமந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. தபால்பெட்டி அருகே நின்று, திரும்பிப் பார்க்காமலேயே, "உனக்குக் கனமா இருக்காம்மா? கொஞ்சம் இறக்கி வெச்சிக்கலாமா?" என்றார். இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கடைசி ஐம்பது அடி நிஜமாகவே பிடித்துக்கொண்டேன். கிளையில் உட்கார்ந்தவன் இறங்கிவந்து தோள் கொடுத்ததாகக் கதை உண்டா? இருந்தால் எழுது. இல்லாவிட்டால் நான் கதையைக் கெடுத்துவிட்டேன்.

என் குழப்பம் இதுதான். உனக்குச் சொல்லிவிட்டுச் செய்கிற ஏமாற்று பலிக்கிறது. சொல்லாமல் செய்கிற ஏமாற்றில் மாட்டிக்கொள்கிறேன். போன வாரம் செருப்பை இடம் மாற்றிவைத்தேன், மாட்டிக்கொண்டேன். கடிகாரத்தைத் திருப்பிவைத்தேன்; மாட்டிக்கொண்டேன். உன் கடிதத்தில் ராசி இருக்கிறதா? இல்லை, நீ அங்கிருந்து நூலை இழுக்க, பூதம் இங்கே ஆடுகிறதா?

அம்மாவிடம் கேட்கக் கூடாது என்றாய், அதனால் உடனே கேட்டேன். "நான் எங்கடி அவனுக்கு எழுதினேன்? முகவரியே தெரியாம உக்காந்திருக்கேன்" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள். இப்போது உங்களில் யார் பொய் சொல்வது? என் வேலையை வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டால் நான் எங்கே போவது?

மூன்றாவது ஒத்திகை. 19ஆம் தேதி வியாழக்கிழமை காலை அப்பாவின் குடைக்குள் ஒரு தவளை இருக்கும். தவளை தயார், பள்ளிக்கூடத் தொட்டியில் காத்திருக்கிறது. இதற்குக் கதை ஆதாரம் கிடையாது. சொந்தக் கற்பனை.

மே 28 கப்பல் என்றாய். நாள் ஓடுகிறது. வருவாயா மாட்டாயா, அதை மட்டும் நேராக எழுது.

தங்கை


ஏப்ரல் 16
(தட்டச்சில்)

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தவளையும் ஓர் உயிர். குடைக்குள் மூச்சுத் திணறும். மறுபரிசீலனை செய்யவும்.

வருவது பற்றிக் கேட்டிருந்தாய். அப்பா எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதாததற்கு அவருக்கும் ஒரு காரணம் இருக்கலாம். அது கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீ இதில் மனதை வருத்திக்கொள்ளாதே. பரீட்சை நெருங்குகிறது.

கூடையைப் பிடித்துக்கொண்டதற்கு நன்றி. அப்பாவின் சார்பில் சொல்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். தாங்களும் நலமாயிருக்க வேண்டும். 16ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். பார்த்தாயா, எனக்கும் இந்த மரியாதை பாஷை வருகிறது.

தவளையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பெரிய ஏமாற்றுக்கு வந்துவிட்டேன். எல்லா நாட்டிலும் இருக்கிற கதை ஒன்று உண்டு. அரக்கி ஒரு சிறுமியை அடுப்புக்குள் தள்ளப் பார்ப்பாள். "அதுல எப்படி உக்காரணும்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒரு தடவை உக்காந்து காட்டுங்க" என்பாள் சிறுமி. அரக்கி உட்கார்ந்து காட்டுவாள். சில ஊரில் அடுப்பு, சில ஊரில் சாக்கு, சில ஊரில் ஜாடி. கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எனக்குத் தெரியாது, நீயே செய்து காட்டு.

நான் யோசித்ததில், அப்பா எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, அவருக்கு எழுத வரவில்லை. ஊரார் கடிதத்தையே இருபத்தாறு வருஷம் படித்தவருக்குத் தன் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் போயிருக்கும். அதனால் நீ எனக்கு ஒரு மாதிரிக் கடிதம் எழுதி அனுப்பு. அப்பா உனக்கு எழுதினால் எப்படி எழுதுவாரோ அப்படி. அதை அவர் முன்னால் வைத்து, "இதைப் பாத்து எழுதுங்கப்பா" என்று சொல்லப்போகிறேன்.

ஒன்று மட்டும் கவனம். மேலே உன் இப்போதைய முழு முகவரி இருக்க வேண்டும், தெரு, எண் எல்லாம் சரியாக. முகவரி இல்லாத கடிதத்தை அப்பா கடிதம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். உனக்குத் தெரியாததா?

எனக்கு எழுதத் தெரியாது. நீயே எழுதிக் காட்டு.

தங்கை


மே 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தட்டச்சுப் பொறி பழுதாகிவிட்டதால் கையால் எழுதியிருக்கிறேன். அப்பாவின் கையெழுத்து மாதிரியே எழுதிப் பார்த்தேன். மாதிரி என்றால் அதுவும் இருக்க வேண்டுமல்லவா. கேட்டபடி இணைத்துள்ளேன். இதைவிட நன்றாக எழுத வரவில்லை.

அண்ணன்

(இணைப்பு)

பொம்மலாட்டக் குழு
எண் 14, மூன்றாம் மாடி
பழைய கயிற்றுக் கிடங்கு
துறைமுகப் பின்தெரு

மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். அம்மாவுக்கு முழங்காலில் வலி. உன் தங்கை வளர்ந்துவிட்டாள், வால் மட்டும் குறையவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

உன் முகவரி அக்டோபர் மாதமே எனக்குத் தெரியும். தேடுவது என் தொழில், ஒன்பது நாளில் கிடைத்துவிட்டது. எழுத மட்டும் முடியவில்லை. தினமும் என் மேஜைக்கு வரும் கடிதங்களில் சிலவற்றின் மேல் "பெற மறுத்தார்" என்று முத்திரை இருக்கும். அனுப்பியவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் தகப்பன்தான். அந்த முத்திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு பயம் வந்துவிட்டது. நான் எழுதி, நீ வாங்க மறுத்தால், அது வேறெங்கும் போகாது. சுற்றி என் மேஜைக்கே வரும். பக்கத்து மேஜைக்காரர் எடுத்துக் கொடுப்பார். எழுதாத வரைக்கும் நீ மறுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

கதை விடுகிறவன் என்று உன்னைச் சொன்னேன். இப்போது நானும் கதைகள் படிக்கிறேன். அவ்வளவு சுலபமான வேலை இல்லை என்று தெரிகிறது.

கப்பலேறும் முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. உன் சட்டை தோய்த்துத் தோய்த்து வெளுத்துவிட்டது.

அப்பா


மே 5

அண்ணா,

இதுதான் என் முதல் கடிதம். அதாவது, உன் கைக்கு வந்து சேரும் முதல் கடிதம். நீ நலமா? இந்தத் தடவை நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன்.

ஜனவரியிலிருந்து உனக்கு ஐந்து கடிதம் எழுதினேன். ஒன்றுகூட உனக்கு வரவில்லை. உன் பழைய முகவரியில் ஆள் இல்லை. திருப்பி அனுப்பலாமென்றால் பின்பக்கம் முகவரி இல்லை. அந்த மாதிரிக் கடிதமெல்லாம் எங்கே போய் விழும் என்று நம் தெருவில் பிறந்த குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும். அப்பாவின் மேஜையில். பிரித்துப் படித்து உரியவரைத் தேடுவது அவர் வேலை. பிரித்தார். உள்ளே முதல் வரியிலேயே "பூதம் பரம சௌக்கியம்" என்று இருந்தது. அவர் உன் பெயரில் பதில் போட்டார். நான்கு மாதமாக அப்பாவை எப்படி ஏமாற்றுவது என்று அப்பாவிடமே ஆலோசனை கேட்டிருக்கிறேன்.

எப்படித் தெரிந்தது என்று கேள். ஏப்ரல் 19, வியாழக்கிழமை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. காலை எட்டே காலுக்கு அப்பா குடையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. கையை முழு நீளத்துக்கு நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாளிக்கு மேலே குடையை விரித்தார். ஒன்றும் விழவில்லை. உதறினார். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கம்பி கம்பியாகப் பார்த்தார். நான் தவளை வைக்கவே இல்லை. தவளையைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், எழுதிய நானும் படித்தவரும். முதலில் நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று உன்னை வைது தீர்த்தேன். அப்புறம்தான் "கிடைக்கப்பெற்றேன்" நினைவுக்கு வந்தது. அந்த வார்த்தையை வாயாலேயே சொல்கிற மனிதர் ஒருவர்தான் இருக்கிறார்.

இதோடு அப்பாவின் கடிதத்தை வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்து உனக்குத் தெரியும். நீ கேட்டது "நீங்களா எழுதிக் கூப்பிட்டா". அவராக எழுதியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் நீயாகி, அந்த நீ அவராகி எழுதியது. ஏமாற்றி எழுதவைத்தேன் என்றுதான் முதலில் குதித்தேன். ஆனால் தட்டச்சுப் பொறி எப்படிச் சரியாக அன்றைக்குப் பழுதாகும்? "கையெழுத்து மாதிரியே எழுதிப் பார்த்தேன்" என்று யார் எழுதுவார்கள்? கூடையைச் சுமந்தது போலவே தெரிந்தே சுமந்தாரா? பத்துத் தடவை படித்துவிட்டேன். பாதித் தடவை நான் ஏமாற்றினேன் என்று தோன்றுகிறது, பாதித் தடவை அவர் தெரிந்தே போர்த்திவிட்ட தலையணை நான்தான் என்று தோன்றுகிறது.

இந்த உறையின் பின்பக்கம் என் முகவரியை எழுதியிருக்கிறேன். வாங்க மாட்டேன் என்று தோன்றினால் எனக்கே திருப்பி அனுப்பு, தையல் கடைக்கு. தயவுசெய்து அவர் மேஜைக்கு மட்டும் போகவிடாதே.

நான்தான்.


மே 23

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நலம் விசாரிப்பது வேடிக்கையாக இருக்கிறது. இருந்தாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டும். நீ நலமா?

இன்று காலை பதினொரு மணிக்கு என் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. பெறுநர் என்ற இடத்தில் "பூதக்கண்ணாடி வைத்திருப்பவருக்கு" என்று மட்டும் இருந்தது. ஊர் இல்லை, தெரு இல்லை. பக்கத்து மேஜைக்காரர், "சார், இதுக்கு ஆள் தேட வேணாம்னு நினைக்கிறேன்" என்று என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். விதிப்படி பிரித்தேன்.

உன் அண்ணன் 26ஆம் தேதி வருகிறான். இரண்டு நாள் இருப்பான். 28ஆம் தேதி கப்பல், அதில் மாற்றமில்லையாம். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கப்போவதில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல். என்னால் சொல்லி முடிக்க முடியாது.

கடிதத்தின் கடைசியில் "உப்புமூட்டை எப்படி இருக்கிறாள்" என்று கேட்டிருக்கிறான். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. மூன்றரை மாதம் தேடியும் கிடைக்காத ஒரே பெயர் அது. நீயாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இருந்தால், அவனுக்கு முதுகு வலி இல்லையாம். ஏறிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறான்.

அவன் பெயரில் நான் கதை விட்டதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரு விஷயம் குழப்பமாகவே இருக்கிறது. மாதிரிக் கடிதம் கேட்டு நீ எழுதியபோது உனக்குத் தெரிந்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் கையால் எழுதினேன் என்று மதியம் நினைத்தேன். இல்லை, நன்றாக ஏமாந்துதான் போனேன் என்று சாயங்காலம் தோன்றுகிறது. புத்தகத்தில் இருக்கிற எந்தப் பூதத்தைக் கேட்பது என்று தெரியவில்லை. தவணை முடிந்து அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று, இதற்கு மட்டும் உண்மையைச் சொல். அந்தத் தவளை எங்கே? ஒரு மாதமாக அந்தக் குடையை விரிக்கவில்லை. போன வாரம் முழுக்க நனைந்துகொண்டே ஆபீஸ் போனேன்.

இதைத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். "இன்னுமா சார்?" என்றார். பதிலை அங்கே போட வேண்டாம். வீட்டு முகவரி உனக்குத் தெரியும்.

அப்பா